கையில் அடங்குகிறது, விலையில் அடங்கவில்லை

“பணவீக்கத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இதெல்லாம் ஒரு விலையே இல்லை.”

இந்த வாக்கியத்தை எட்டு வருஷமாகக் கேட்டுவருகிறேன். 2017 மார்ச்சில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் கருவி 299.99 டாலருக்கு வந்தபோது கேட்டேன். 2022இல் ஸ்டீம் டெக் 399 டாலரில் தொடங்கியபோது கேட்டேன். 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வெளியாகி, விலை 449.99 டாலர் என்றானபோது காது புளிக்கக் கேட்டேன். அதே ஆண்டு அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் பெயரோடு ஆசஸ் கொண்டுவந்த ஆலி எக்ஸ் 999.99 டாலர். அதற்கும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். 300 டாலருக்கும் பொருந்தி, 1,000 டாலருக்கும் பொருந்துகிற ஒரு வாதத்தால் எந்த விலையையும் நியாயப்படுத்திவிடலாம். அப்படிப்பட்ட வாதத்தை நான் வாதமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

போன மாதம் சென்னையில் கேம் ஆர்வலர்கள் சிலர் கூடினார்கள். ஓர் இளைஞர் ஸ்விட்ச் 2இன் விலையை ஆதரித்து அரைமணி நேரம் பேசினார். திரையில் மூன்று படங்கள் போட்டுக் காட்டினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 649 டாலருக்கு விற்ற நியோ ஜியோ, 1993இல் 699 டாலருக்கு வந்த 3டிஓ, 2006இல் 599 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 3. இவற்றை இன்றைய பணத்துக்கு மாற்றினால் 450 டாலர் கொள்ளை மலிவு என்று முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கேள்வி கேட்க நேரமில்லை என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே கேட்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், அந்தத் திரையில் வந்த மூன்றில் ஒன்றுகூடக் கையடக்கக் கருவி கிடையாது. மூன்றும் டிவி பக்கத்தில் கிடக்கிற பெட்டிகள். அதிலும் முதல் இரண்டை விலையே முடக்கிப்போட்டது. விலையால் விழுந்த பெட்டிகளைக் காட்டி விலை நியாயம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கையடக்கக் கருவியின் விலையைக் கையடக்கக் கருவியோடுதானே ஒப்பிட வேண்டும்?

ஒப்பிடுவோம். அவர்களுடைய கால்குலேட்டரையே எடுத்துக்கொள்வோம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

1989இல் அமெரிக்காவுக்கு வந்த கேம் பாயின் விலை 89.95 டாலர். அமெரிக்க விலைவாசிக் குறியீட்டின்படி இன்றைய பணத்தில் சுமார் 230 டாலர். 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் 99.99 டாலர், இன்றைய பணத்தில் சுமார் 180. 2004இல் வந்த டிஎஸ் 149.99 டாலர், இன்றைக்கு 250 சொச்சம். 2017இன் ஸ்விட்ச்சைக் கணக்கிட்டாலும் 400ஐ ஒட்டித்தான் வருகிறது. பணவீக்கத்தைச் சேர்த்த பிறகும் 450 டாலர்தான் இந்த வரிசையிலேயே உச்சம். முதல் கேம் பாயைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிஷம் போதும். எட்டு வருஷமாக இந்த வாக்கியத்தைச் சொல்லிவருகிறவர்களில் ஒருவர்கூட அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த 89.95 டாலர் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கருவி, டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜ், இயர்போன், இன்னொரு கேம் பாயோடு இணைக்கிற வயர், நான்கு பென்சில் பேட்டரி. பெட்டியைப் பிரித்த குழந்தை அந்த நிமிஷமே விளையாடத் தொடங்கலாம். ஸ்விட்ச் 2ஐ 449.99 டாலருக்கு வாங்கினால் உள்ளே கேம் எதுவும் இல்லை. வெளியானபோது மரியோ கார்ட் வேர்ல்ட் கேமோடு சேர்த்து வாங்கியவர்களுக்கு 499.99. கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்கிற ‘வெல்கம் டூர்’ இருக்கிறதே, அதற்குக்கூட 9.99 டாலர் தனியாக வாங்குகிறார்கள். பிளேஸ்டேஷன் 5இல் இதே வேலையைச் செய்த ‘அஸ்ட்ரோஸ் பிளேரூம்’ கருவிக்குள்ளேயே இலவசமாக வந்தது. நின்டெண்டோ தான் விற்ற பொருளின் விளக்கக் கையேட்டுக்கே விலை வைத்திருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு முக்கியம். கேம் பாய் வந்த அதே 1989இல் அடாரி லிங்க்ஸ் என்ற கையடக்கக் கருவியும் வந்தது. வண்ணத் திரை, கேம் பாயைவிடப் பல மடங்கு வலிமை. விலை சுமார் 180 டாலர். இன்றைய பணத்துக்கு மாற்றினால் 465 டாலரை ஒட்டி வரும். ஸ்விட்ச் 2இன் விலையில் ஒரு கையடக்கக் கருவியைச் சந்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஆறு பென்சில் பேட்டரியைப் போட்டால் லிங்க்ஸ் நான்கைந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்த்துவிடும். பச்சைத் திரையும் பாசி நிற எழுத்துமாக இருந்த கேம் பாய் நான்கே பேட்டரியில் அதைப்போல் பல மடங்கு நேரம் ஓடியது. கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து கிட்டத்தட்ட 12 கோடி விற்றன. லிங்க்ஸ் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

இது தற்செயலாக நடந்ததில்லை. கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. பழகிப்போய் விலை விழுந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்குப் போடு என்பது அதன் சாரம். கால்குலேட்டர் கம்பெனிகள் போட்டி போட்டு எல்சிடி திரையின் விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தன. அந்தத் திரையைத்தான் அவர் 1980இல் கேம் அண்ட் வாட்ச்சில் பொம்மையாக்கினார். மலிவு என்பது அவருக்கு வடிவமைப்பின் முதல் படி. கையடக்கக் கருவி என்கிற பண்டமே அப்படிப் பிறந்ததுதான். ‘இவ்வளவு சக்தி இருக்கும்போது இந்த விலை நியாயம்தானே’ என்று கேட்கிறவர்களுக்கு 1989இலேயே பதில் சொல்லியாகிவிட்டது.

‘அது பழங்கதை’ என்பார்கள். சரி, புதுக்கதைக்கு வருவோம். 2011 மார்ச்சில் நின்டெண்டோ 3டிஎஸ் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. இன்றைய பணத்தில் 360 டாலர், அதாவது ஸ்விட்ச் 2ஐவிடக் குறைவு. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் விலையை 169.99 டாலராக வெட்டினார்கள். ஜப்பானில் 25,000 யென் 15,000 ஆனது. முதலில் வாங்கி ஏமாந்தவர்களைச் சமாதானப்படுத்த ஆளுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. விலையைத் தப்பாக வைத்துவிட்டோம் என்று தெரிந்ததும், பணவீக்கத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்று அவர் வாங்குகிறவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்தது உற்பத்திச் செலவு. உதிரிபாகங்கள் விலை ஏறிவிட்டன, 450க்குக் கீழே கொடுத்தால் கட்டுப்படி ஆகாது என்கிறார்கள். ஜப்பானில் இதே ஸ்விட்ச் 2 வெளியானபோது என்ன விலை? 49,980 யென். வெளியான சமயத்து மாற்று விகிதத்தில் சுமார் 345 டாலர், அதுவும் அங்கத்திய 10 சதவீத வரியையும் சேர்த்து. அமெரிக்காவின் 449.99இல் வரி சேரவில்லை. திரை அதேதான், சில்லு அதேதான், 256 ஜிபி சேமிப்பும் அதேதான். ஒரே வித்தியாசம், ஜப்பானில் விற்கிற அந்த மாடலில் ஜப்பானிய மொழி மட்டுமே இயங்கும், ஜப்பான் கணக்கை மட்டுமே அதில் சேர்க்க முடியும். பல மொழிகளில் இயங்குகிற மாடல் வேண்டுமென்றால் அங்கேயும் 69,980 யென். 20,000 யென் வித்தியாசத்துக்குள் எந்த உதிரிபாகம் இருக்கிறது? ஜப்பானியர்களின் சம்பளம் ஏறாததாலும் யென் விழுந்துவிட்டதாலும் அங்கே அந்த விலைக்கு மேல் வைத்தால் ஓடாது. மற்ற நாடுகளில் வைத்தாலும் கொடுப்பார்கள். வாங்குகிறவரின் தாங்கும் சக்தியைப் பார்த்து வைத்த விலை இது. அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

டிரம்ப் போட்ட இறக்குமதி வரியால்தான் விலை கூடியது என்பது சரியில்லை. ஸ்விட்ச் 2இன் விலை வெளியானது 2025 ஏப்ரல் 2. வரி அறிவிப்பு வந்ததும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு முன்பதிவைத் தள்ளிவைத்தார்கள், துணைக்கருவிகளின் விலையை ஏற்றினார்கள், கருவியின் விலையைத் தொடவில்லை.

டிவியோடும் இணைக்கலாம், இரண்டு கருவி ஒன்றில் என்கிறார்கள். 2017இன் ஸ்விட்ச்சும் அதைச் செய்தது, 300 டாலருக்கு.

நான்கே நாளில் 35 லட்சம் விற்றதே என்பது இன்னொன்று. எட்டு வருஷம் காத்திருந்தவர்கள் முதல் வாரத்தில் எந்த விலையும் கொடுப்பார்கள். விலை தகுமா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கேமின் விலைக்கு வருகிறேன். மரியோ கார்ட் வேர்ல்ட் 79.99 டாலர். அதற்கும் அந்த இளைஞர் தொண்ணூறுகளின் கார்ட்ரிட்ஜ் விலையைக் காட்டினார். அன்றைய கார்ட்ரிட்ஜுக்குள் நிஜமான சில்லு இருந்தது, அதைச் செய்ய நிஜமான செலவு ஆனது, விலையில் கணிசமான பங்கு அதற்கே போனது. இன்றைக்கு அதே 79.99 டாலருக்கு இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறோம். அட்டையாகவே வாங்கினாலும், ஸ்விட்ச் 2க்கு வருகிற பல கேம்கள் ‘கேம் கீ கார்டு’ என்ற வகையில் வருகின்றன. அட்டைக்குள் கேம் இருக்காது, சாவி மட்டும்தான். கேமை முழுவதும் இறக்கிக்கொள்ள வேண்டும், பிறகு விளையாடும்போதெல்லாம் அட்டையையும் செருக வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இப்படித்தான் வந்தது. இறக்கி இறக்கி இடம் நிறைந்தால் பழைய மெமரி கார்டு உதவாது. மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகைதான் வேண்டும், அது விலை அதிகம். இந்தச் செலவையெல்லாம் அவருடைய பணவீக்கக் கணக்கில் எங்கே சேர்த்தார்?

‘அவசரப்படாதே, இரண்டு வருஷம் பொறு, விலை இறங்கும்’ என்று ஆறுதல் சொல்கிறவர்களும் உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. இன்றைக்கு இல்லை. 2017இன் ஸ்விட்ச், வயதாகி அடுத்த தலைமுறையே வந்த பிறகு, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 299.99லிருந்து 339.99 ஆக ஏறியது. எட்டு வருஷப் பழைய கருவி விலை ஏறுகிறது. பொறுத்தவர்களுக்கு 40 டாலர் தண்டம்.

நம் ஊருக்கோ இந்தப் பணவீக்க வாதம் துளியும் பொருந்தாது. இந்தியாவில் நின்டெண்டோ தன் கன்சோலை நேரடியாக விற்பதில்லை. இறக்குமதி செய்கிறவர் வைத்ததுதான் விலை, பழுதானால் அவரவர் பாடு. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம் வாரண்டி பற்றிக் கேட்டேன். “நம்மகிட்ட பதினஞ்சு நாள் சார், அதுக்கப்புறம் பாத்துப் பண்ணித் தரேன்” என்றார். அமெரிக்க விலைவாசிக் குறியீட்டை வைத்துச் சென்னையில் சம்பளம் வாங்குகிறவனுக்கு மலிவு என்று பாடம் எடுப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

‘சரி, என்ன விலை வைக்கலாம் என்கிறாய்?’ என்று கேட்டால், கைதவறிப் போனாலும் வீட்டில் அழுகை வராத விலை என்பேன். எனக்கு ஒன்பது வயதில் சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா ஒரு கேம் பாய் கொண்டுவந்தார். மொட்டைமாடிப் படியில் அதைத் தவறவிட்டேன். ஏழு படி உருண்டது. பேட்டரி மூடி தெறித்து, இரண்டு பேட்டரி தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓடின. தேடி எடுத்துப் போட்டு, மூடியைக் கறுப்பு டேப்பால் ஒட்டினேன், ஓடியது. தெருவிலிருந்த அத்தனை பையன்களும் கை மாற்றிக் கை மாற்றி விளையாடினார்கள். பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடை. வளைகுடாப் போரின்போது வெந்துபோன ஒரு கேம் பாய், நியூயார்க்கிலுள்ள நின்டெண்டோ கடையில் பல வருஷம் டெட்ரிஸ் ஓடியபடியே காட்சிக்கு இருந்தது. ஸ்விட்ச் 2இன் பேட்டரியோ உள்ளே பசை போட்டு ஒட்டியிருக்கிறது. பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் இணையதளம் பழுது பார்க்கும் வசதிக்குக் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு மூன்று.

இந்த விடுமுறைக்கு டாலஸிலிருந்து அக்கா வந்திருந்தாள். அவள் மகனுக்கு ஒன்பது வயது. அவனிடம் ஸ்விட்ச் 2 இருக்கிறது. வைகை எக்ஸ்பிரஸில் எல்லாருமாக மதுரைக்குப் போனோம். தாம்பரம் தாண்டியதும் கேட்டான், செங்கல்பட்டில் கேட்டான், விழுப்புரத்தில் மறுபடி கேட்டான். எதிர் சீட்டில் அவன் வயதில் இரண்டு பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மடியில் கறுப்பு உறை. அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

“வீட்டுக்குப் போய் விளையாடிக்கலாம் கண்ணா. கீழ விழுந்தா அவ்வளவுதான், அம்மாவால இன்னொண்ணு வாங்க முடியாது.”

“மாமா, நீங்க சொல்லுங்க மாமா” என்று என்னைப் பார்த்தான். என்ன சொல்வது? அவள் சொன்னதில் தப்பில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். மதுரை வரைக்கும் ஏழு மணி நேரத்துக்கு மேல், அந்த உறையின் ஜிப் திறக்கவே இல்லை.