ராஜினாமாக் கடிதம் எழுதத் தெரியுமா?

தென்காசிப் பக்கத்து அச்சன்புதூர் போன்ற ஊர்களில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்தால் தெருவே வந்து விசாரிக்கும். துபாய் விசா வந்தாலும் சரி, சென்னையில் கம்பெனி வேலை அமைந்தாலும் சரி, சொந்தபந்தம் கூடி வழியனுப்பும். அந்த வேலையை ஒருநாள் எப்படி விடுவது என்று சொல்லித்தரத்தான் வீட்டில் ஆள் இல்லை. அப்பா வயலையும் தோப்பையும் பார்த்தவர். அம்மா பீடி சுற்றியவர். அவர்களுக்கு வேலையை விடுவதென்றால் மறுநாள் போகாமல் இருப்பதுதான். நோட்டீஸ் காலம், ரிலீவிங் ஆர்டர் எதையும் அவர்கள் கண்டதில்லை.

அதனால்தான் படித்த பிள்ளைகளிலும் சிலர் சாரல் சீசனுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்து, போனை அணைத்துவிட்டு அப்படியே தங்கிவிடுகிறார்கள். மேலாளரிடம் நேருக்கு நேர் சொல்லக் கூச்சம். விலை பிறகு தெரியும்: ரிலீவிங் ஆர்டர் இராது, அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது பழைய இடத்திலிருந்து நல்ல பதில் வராது.

வளைகுடாவில் இந்தக் கூச்சத்துக்கு விலை இன்னும் அதிகம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, தனியார் கம்பெனி ஊழியர் ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 முதல் 90 நாள் வரை எழுத்துபூர்வ நோட்டீஸ் தரவேண்டும். தகுந்த காரணமின்றி வேலைக்கு வராமல் நின்றுவிட்டால் ஓராண்டுக்கு அங்கே புதிய வேலை அனுமதி கிடைக்காது. முறையாக விலகி, விசாவை ரத்து செய்து ‘கேன்சலில்’ வருகிறவருக்கோ, ஓராண்டு முடித்திருந்தால் பணிக்கொடை உண்டு: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் 30 நாள். பாக்கி எல்லாம் 14 நாளுக்குள் வந்தாக வேண்டும். தானாக விலகினால் பணிக்கொடையைக் குறைக்கும் பழைய வழக்கம் இப்போது சட்டத்தில் இல்லை. இதைச் சொல்லாமலே எத்தனை பேரை விமானம் ஏற்றி விடுகிறோம்!

தென்காசிப் பக்கமே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மத்தளம்பாறையில் வாழும் ஸ்ரீதர் வேம்பு, 2025 ஜனவரி 27 அன்று சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகித் தலைமை விஞ்ஞானி ஆனார். விலகல் செய்தியிலேயே ஷைலேஷ் குமார் டேவி குழுமத் தலைமைக்கு வருகிறார், அமெரிக்கப் பிரிவை டோனி தாமஸ் கவனிப்பார் என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் ஆள் சொல்லியிருந்தார். அவர் நிறுவனர், மாதச் சம்பளக்காரரின் நெருக்கடி அவருக்கு இல்லை. ஆனால் நாளை இந்த வேலையை யார் பார்ப்பார் என்ற கேள்விக்குப் பதிலோடு விலகியதை யாரும் பின்பற்றலாம்.

முதலில் மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள். சக ஊழியர் வாயிலாக அவர் காதுக்குப் போகக்கூடாது. கடிதம் நான்கு வரி போதும்: விலகுகிறேன், கடைசி நாள் இன்னது, வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன், நன்றி. மனக்குறை நியாயமானதாகவே இருக்கலாம். அதற்கு இந்தக் கடிதம் இடமில்லை. சேரும்போது கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பி.எஃப். கணக்கில் விலகிய தேதி ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். கம்பெனி பதியாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்தபின் நீங்களே பதியலாம்.

முதலாளிகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பேப்பர் போட்ட மறுநாளிலிருந்து ஒருவரை எதிரியாக நடத்துவதும், அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைப்பதும் அநியாயம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தரச் சொல்கிறது. அடுத்த மாதம் வா, அதற்கடுத்த மாதம் வா என்று அலையவிடுவது சட்டத்துக்கும் விரோதம்.

குற்றாலம் பராசக்தி கல்லூரி தொடங்கி தென்காசி மாவட்டத்துக் கல்லூரிகள் அனைத்தும், நேர்முகத் தேர்வுக்குத் தரும் பயிற்சியில் ஒரு மணி நேரத்தை வேலையை விடும் முறைக்கு ஒதுக்கவேண்டும். பாடம் நடத்த வெளியூர் நிபுணர் வேண்டாம். கேன்சலில் முறையாக வந்து பணிக்கொடை வாங்கியவர்களை அழைத்துப் பேசச் சொல்லலாம். அமீரகத்திலிருந்து திரும்பியவர்கள் இங்கே பல தெருக்களில் இருக்கிறார்கள்.