ஃபிளிண்ட் குடிநீர் விவகாரம்: மக்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து சாதித்தது என்ன?

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் உள்ள ஃபிளிண்ட், அப்போது சுமார் 1 லட்சம் பேர் வாழ்ந்த நகரம். 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது நிர்வாகம். குழாய் அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. விளைவு? பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் நச்சு அது.

தண்ணீர் நிறம் மாறுது, நாறுது, தோல்ல தடிப்பு வருதுன்னு மக்கள் புகார் சொன்னார்கள். ‘பாதுகாப்பான தண்ணீர்தான்’ என்பதே அதிகாரிகளின் பதில்.

பல்கலைக்கழகம் எப்படி வந்தது?

நான்கு குழந்தைகளின் தாயான லீஆன் வால்டர்ஸ் விடவில்லை. அவர் வீட்டுத் தண்ணீரை வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழு சோதித்தது. ஒரு மாதிரியில் ஈயம் 13,200 பிபிபி. 15-ஐத் தாண்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி!

சரி, ஒரு வீட்டை வைத்து ஊரையே எடைபோட முடியுமா? 2015 ஆகஸ்ட்டில் 300 சோதனைப் பெட்டிகள் ஃபிளிண்ட் வந்தன. வீடு வீடாகக் கொடுத்தது, எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தந்தது, திரும்ப வாங்கியது எல்லாம் உள்ளூர்க்காரர்கள்தான். சில வாரங்களில் 252 மாதிரிகள் கைக்கு வந்தன. பத்தில் ஒரு வீட்டில் ஈயம் 25 பிபிபி அல்லது அதற்கும் மேல்.

அரசு சோதனையில் ஏன் சிக்கவில்லை?

மாதிரி எடுப்பதற்கு முன்பே குழாயைத் திறந்துவிடச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் செய்தால் குழாயில் தேங்கிய ஈயம் ஓடிவிடும். அளவு குறைவாகத் தெரியும்.

செப்டம்பரில் மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை ஆதாரத்தோடு வெளியிட்டார். அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்பியது.

இதில் என்ன பாடம்?

பல்கலைக்கழகம் ஊருக்குள் வந்தால் சர்வே, குரூப் போட்டோ, ஆய்வுக் கட்டுரை என்று முடிந்துபோவது வழக்கம். ஃபிளிண்ட்டில் கேள்வி மக்களுடையது. அதற்குப் பதில் தேடித் தந்தது ஆய்வகம்.

ஆனால் கதை சுபமாக முடியவில்லை. செயற்பாட்டாளர்கள் சிலருக்கும் எட்வர்ட்ஸுக்கும் மோதல் முற்றி, 2018-ல் அவர் அவதூறு வழக்கே தொடர்ந்தார். அடுத்த ஆண்டு அது தள்ளுபடியானது. தரவு யாருடையது, ஊர் சார்பாகப் பேசுவது யார் என்பதை முதல் மாதிரி எடுக்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். மாநகரப் பிரச்சினைகளில் இறங்கும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும்.