விட்டுப்போன 0.4



வட்ட இயக்கக் கணக்கு என்றாலே வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்து, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு நகர்ந்து விடுகிறோம். நானும் அப்படித்தான். வகுப்புத் தேர்வில் மார்க் போனதும் அதனால்தான்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா தறியில், அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். நண்பர்கள் பார்த்துவிடக் கூடாதென்று அந்த ராட்டையைத் திண்ணையிலிருந்து உள்ளே தள்ளியவனும் நான்தான்!

விடைத்தாளோடு வந்த அன்று அம்மாவுக்குக் கைவலி. நான் உட்கார்ந்து வெடுக்கென்று சுற்றினேன். இழை அறுந்தது. "எடுத்த எடுப்பில அப்படிச் சுத்தினா பட்டு தாங்குமாடா? வேகத்தை மெதுவா கூட்டு" என்றாள். வேகத்தைக் கூட்டுவது! நான் விட்டது அதைத்தானே?

தேர்வுக் கணக்கையே ராட்டைக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர். விளிம்பின் வேகம் ஒவ்வொரு நொடியும் 0.4 மீ/நொ கூடுகிறது. ஆக, தொடுகோட்டு முடுக்கம் 0.4 மீ/நொ². வேகம் 0.3 மீ/நொ ஆகும் கணத்தில் மையநோக்கு முடுக்கம் 0.3 × 0.3 ÷ 0.3 = 0.3 மீ/நொ². நான் இதோடு நிறுத்தியிருந்தேன். பக்கத்து பெஞ்ச் நண்பன் இரண்டையும் கூட்டி 0.7 என்று எழுதியிருந்தான். இரண்டுமே தப்பு. இவை ஒன்றுக்கொன்று செங்குத்து. பிதாகரஸ் முறையில்தான் சேரும். 0.09 + 0.16 = 0.25, வர்க்கமூலம் 0.5. ஆக மொத்த முடுக்கம் 0.5 மீ/நொ². திசையும் நேராக மையத்துக்கு இல்லை. ஆரக்கோட்டிலிருந்து சுமார் 53 பாகை, சுற்றும் பக்கமாகச் சாய்ந்திருக்கும். வேகம் சீரானதும் அந்த 0.4 பூஜ்ஜியமாகிவிடும். பழைய சூத்திரம் அப்போது மட்டுமே முழு விடை.

லேத் ஆகட்டும், மின்விசிறி ஆகட்டும், எந்த இயந்திரமும் முதல் நொடியிலேயே சீராக ஓடுவதில்லை. அந்த ஆரம்ப நேரத்தில் பெல்ட் வழுக்கலாம், இழை அறுந்துபோகலாம். அப்படியிருக்க, நம் பயிற்சிக் கணக்குகள் மட்டும் சீரான வேகத்தோடு நின்றுவிடுவது சரியா? வாரம் ஒரு கணக்காவது நம் வீட்டுக் கருவிகளிலிருந்து போட்டுப் பழக, மாணவர் பேரவை ஏற்பாடு செய்ய வேண்டும். எண்களைப் போடுமுன் இரண்டு அம்புக்குறிகளை வரைவோம். பாதித் தப்பு அங்கேயே தீரும்.

ராட்டை மறுபடி திண்ணைக்கு வந்துவிட்டது. வாங்க, சுத்திப் பாருங்க. ஆனா மெதுவா ஆரம்பிங்க!