மன்னார் வளைகுடா தீவுகளுக்கு டூர் பிளான் பண்றீங்களா? முதல்ல ஆடியா, தையான்னு முடிவு பண்ணுங்க

கொடுமுடியிலிருந்து ராமேஸ்வரம் போவது புதுசு இல்லை. காவிரிக் கரையிலேயே தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் அலைமோதும் ஊர்தான் இது. ஆனாலும் கடல்ல ஒரு முங்கு போட்டாத்தான் மனசு ஆறும்னு வேன் பிடிச்சுக் கிளம்புற குடும்பங்கள் கொங்கு பக்கம் நிறைய. இப்போ அந்தப் பயணத்தோட இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கு. "அப்படியே அந்தத் தீவுக்கும் போய்ட்டு வந்தர்லாமா?"

போகலாம். ஆனால் எப்போ போறோம், யார் மூலமாப் போறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பயணம் நடக்கும்.

எந்தத் தீவு? அதுல என்ன விசேஷம்?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டினாற்போல் வரிசையாக 21 தீவுகள். இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து சுமார் 560 சதுர கி.மீ. பரப்புதான் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-ல் அறிவிக்கப்பட்டது. 1989-ல் இதை மையமாக வைத்து 10,500 சதுர கி.மீ. பரப்புக்கு உயிர்க்கோளக் காப்பகமும் வந்தது.

பவளப்பாறை, கடற்புல், கடல் ஆமை, ஆவுளியா என்கிற கடல் பசு. இதெல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குருசடைத் தீவைப் பற்றி சென்னை அருங்காட்சியகம் 1927-லேயே தனி ஆய்வு நூல் வெளியிட்டது. கடலுயிர் படிக்கிறவர்களுக்கு அது அவ்வளவு பெரிய பெயர்.

21 என்று எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் கண்ணுக்குத் தெரிவது 19 தான். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. பல பத்தாண்டுகளாக சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்து நிறுத்திய அரண் போனதும் மணல் கரைந்தது. தூத்துக்குடி பக்கத்து வான் தீவும் அதே கதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கித்தான் அரிப்பைக் குறைத்திருக்கிறார்கள்.

ஆடி அமாவாசைக்குப் போனால் என்ன பிரச்சனை?

ராமேஸ்வரம் மீனவர்கள் இரண்டு கடலுக்கும் பேர் வைத்திருக்கிறார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் 'பெண் கடல்', தெற்கே மன்னார் வளைகுடா 'ஆண் கடல்'. தேசியப் பூங்கா இருப்பது ஆண் கடலில்.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இருக்கே, அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மன்னார் வளைகுடாவையும் கிளறி விடுகிறது. அங்கே அதைக் கச்சான் காத்து என்பார்கள். நம்ம ஊர்ல ஓட்டுக்கூரை பறக்கிற நாளில் அங்கே படகு கரையில்தான் நிற்கும்.

அதனால ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிற குடும்பம், தீவுப் பயணத்தை நம்பி ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கினால் ஏமாற்றம் வர வாய்ப்பு அதிகம். கோயிலும் தனுஷ்கோடியும் பார்க்கலாம், தீவு சந்தேகம். தை அமாவாசை வேற மாதிரி. ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை ஆண் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஆனால் அமாவாசை அன்றைக்கே தீவையும் வைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்தில் பாம்பனைத் தாண்டுவதற்கே பாதி நாள் போய்விடும். ஒரு நாள் தள்ளி, விடிகாலையில் போங்க.

எந்த மாசமாக இருந்தாலும் கிளம்புற அன்றைக்கு ஒரு விஷயத்தைக் கேளுங்க. காற்று பலமாக இருந்தால் ராமேஸ்வரத்தில் மீன்வளத் துறை படகுகளுக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடும். டோக்கன் இல்லைன்னா அன்னைக்குத் தீவுப் பேச்சே வேண்டாம்.

ஆடிக் காத்திலேயே போயாக வேண்டும் என்றால் காரங்காடு நல்ல மாற்று. தொண்டிக்குத் தெற்கே, பெண் கடல் பக்கம் இருக்கும் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். காடே காற்றை மறைத்துக்கொள்ளும். தேசியப் பூங்கா இல்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு ஒருவேளை இதுதான் அதிகம் பிடிக்கும்.

எப்படிப் போவது?

கொடுமுடியிலிருந்து கார், வேன் என்றால் கரூர், மதுரை, ராமநாதபுரம் வழியாக 300 கி.மீ.க்கு மேல். ரயில் என்றால் கரூர் வழியாகத் திருச்சி, அங்கிருந்து தினசரி ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்ற ரயில், புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட பிறகு மறுபடி தீவுக்குள் போகிறது. பாம்பனில் இறங்கினால் குந்துகால் பக்கம்தான். 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய அதே குந்துகால்.

குருசடை பக்கம் போகும் வனத்துறைப் படகு அங்கிருந்துதான் கிளம்புகிறது. எந்தப் படகு தீவில் இறக்கிவிடும், எது சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும், கட்டணம் எவ்வளவு என்பதை முந்தின நாளே மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆதார் கையில் இருக்கட்டும், இலங்கை எல்லை பக்கம் என்பதால் சோதனை இருக்கும். தீவில் கடை கிடையாது, ராத்திரி தங்கவும் முடியாது. குடிதண்ணீரை எடுத்துட்டுப் போங்க, காலி பாட்டிலைத் திருப்பி எடுத்துட்டு வாங்க.

கரையில் நின்று "நான் கூட்டிட்டுப் போறேன், கம்மி ரேட்டு" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அனுமதி இல்லாமல் தேசியப் பூங்காவுக்குள் நுழைவது குற்றம். மாட்டினால் படகுக்காரர் மட்டுமல்ல, நீங்களும்தான்.

இன்னொன்று. பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 2001 முதல் இவை புலி, யானைக்குச் சமமான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. கரையில் கிடந்தது, சும்மா எடுத்தேன் என்பது அங்கே செல்லாது.

நமக்கு டிக்கெட், அவங்களுக்குத் தடையா?

இந்தப் பயணத்தில் பெரும்பாலும் யாரும் பேசாத பகுதி இதுதான்.

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்தவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை எல்லாம் அகர் முதலான பொருட்கள் தயாரிக்கிற ஆலைகளுக்குப் போகிறது. பாறை கீறாமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு கையாலேயே பறிப்பார்கள், உலோகக் கருவி தொடமாட்டார்கள். மாசத்தில் சில நாள் மட்டும்தான் கடலில் இறங்குவது என்று அவர்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். 2015-ல் அந்த ஊர்ப் பெண் ஒருவருக்கு சர்வதேச அளவில் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? தேசியப் பூங்காவுக்குள் நுழைய அனுமதி தரத்தக்க காரணங்களின் பட்டியலில் ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா எல்லாம் இருக்கிறது. உள்ளே இருந்து எதையாவது எடுத்துவருவதோ அதே சட்டத்தின் 35-வது பிரிவில் தடை. 1986-ல் கோடு போட்டபோது அந்தப் பெண்கள் வேலை பார்த்த கடல் கோட்டுக்கு உள்ளே போய்விட்டது. 2000-க்குப் பிறகு கெடுபிடி அதிகமானது. அதனால்தான் கொடுமுடியிலிருந்து போகிறவர் டிக்கெட் வாங்கிப் போகும் தீவுக்கு, எதிர்க்கரையில் பிறந்தவர் பாசிக்காகப் போனால் வழக்கு வரும் என்ற நிலை.

பூங்கா தேவையில்லை என்பதல்ல வாதம். பவளம் வெட்டுவதை நிறுத்தாமல் விட்டிருந்தால் இன்னும் சில தீவுகள் போயிருக்கும். ஆனால் இன்றைக்குப் பவளத்தைக் கொல்வதில் முதல் ஆள் பாசி எடுப்பவர் இல்லை. 1998, 2010, 2016 என்று கடல் சூடாகி பவளங்கள் வெளுத்தன. 2016-ல் மட்டும் சுமார் 16 சதவீதப் பவளங்கள் செத்ததாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. போதாக்குறைக்கு, வருமானத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து மண்டபம் பக்கம் வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி தப்பிப் போய், குருசடை அருகே பவளத்தின் மேலேயே படர்ந்து அதை மூச்சு முட்ட வைத்தது.

சுற்றுலாப் பணம் எங்கே போகிறது என்பது அதனால்தான் முக்கியமாகிறது. காரங்காட்டில் படகோட்டுவதும் வழிகாட்டுவதும் ஊர்க்காரர்கள். சமையலும் அந்த ஊர்ப் பெண்கள் கையில். மதியச் சாப்பாட்டை நெடுஞ்சாலை ஹோட்டலில் முடிக்காமல், முன்கூட்டியே சொல்லிவைத்து அங்கே சாப்பிடலாம். குந்துகால் போனால் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சின்னப்பாலம் வரை ஒரு நடை போய்வரலாம். அந்தக் கடலை நமக்கு விளக்கிச் சொல்ல அவர்களைவிடத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.