சின்ன அணைக்கட்டுத்தானே என்கிறவர்களுக்கு

உயிலங்குளத்து வயல்களுக்குத் தண்ணீர் கட்டுக்கரைக் குளத்திலிருந்து வருகிறது. கட்டுக்கரைக்கு எங்கிருந்து வருகிறது? குஞ்சுக்குளம் பக்கம் அருவியாற்றுக்குக் குறுக்கே கிடக்கிற தேக்கம் அணைக்கட்டிலிருந்து. அநுராதபுரத்துக்காரர் மல்வத்து ஓயா என்று சொல்லும் அதே ஆறுதான் மன்னாருக்குள் வந்ததும் அருவியாறு ஆகிறது. தேக்கம் ஒரு கரையால் கட்டுக்கரைக்கும், மறுகரையால் அகத்திமுறிப்புக் குளத்துக்கும் நீரைத் திருப்பிவிடுகிறது. கட்டுக்கரையின் கீழ் மட்டும் சுமார் 24,000 ஏக்கர் நெல் விளைகிறது.

இவ்வளவையும் தாங்குகிற கட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் கமக்காரரிடமும் அலுவலகங்களிலும் ஒரே மாதிரியான பதில்தான் கிடைக்கிறது. அது குளமில்லை, வெறும் அணைக்கட்டு. நீரைத் தேக்கி வைக்கிறதில்லை, திருப்பித்தான் விடுகிறது. ராசாக்கள் காலத்துக் கட்டு, எத்தனையோ வெள்ளம் கண்டது. பாதுகாப்புக் கண்காணிப்பு, கருவி, அறிக்கை எல்லாம் விக்டோரியா போன்ற அணைகளுக்கு. சொல்கிறவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். ஆனாலும் இதில் ஒவ்வொரு வாசகமும் அரைகுறையானது.

முதலில் உயரக் கணக்கு. பெரும் அணைகளுக்கான சர்வதேச ஆணைக்குழு 15 மீற்றருக்கு மேற்பட்டதைப் பேரணை என்கிறது. 5 முதல் 15 மீற்றர் வரையானது 30 இலட்சம் கன மீற்றருக்கு மேல் நீர் தேக்கினால் அதுவும் பேரணை. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டமும் 15 மீற்றரில்தான் தொடங்குகிறது. சில நிபந்தனைகளோடு 10 மீற்றருக்கு இறங்குகிறது. இவை பதிவேட்டுக்கான கோடுகள். கோட்டுக்குக் கீழே இருப்பது உடையாது என்று அவை எங்கும் சொல்லவில்லை.

உடையும் என்பதற்கு நல்ல சாட்சி கங்கையில் உள்ள நரோரா. உத்தரப் பிரதேசத்தில் கீழ்க் கங்கை வாய்க்காலுக்காகக் கட்டிய தாழ்ந்த அணைக்கட்டு அது. 1898 மார்ச்சில் பெயர்ந்தது. மார்ச் மாதத்தில் கங்கையில் வெள்ளமே இல்லை. மேற்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் சுமார் 13 அடி, அவ்வளவுதான். மணற் படுக்கையில் நிற்கிற கட்டின் அடியால் நீர் எந்நேரமும் ஊர்ந்துகொண்டிருக்கும். ஊர்கிற பாதை குறுகினால் வேகம் கூடும், தளம் கீழிருந்து மேலே தள்ளப்படும், மணலும் கிளம்பும். இது பொறியியல் பாடமானது இப்படிப்பட்ட தாழ்ந்த கட்டுகள் பெயர்ந்த பிறகுதான். பஞ்சாபின் பொறியியலாளர் ஏ. என். கோஸ்லா தடுப்பணைத் தளங்களுக்குள் குழாய் இறக்கி அடிநீரின் அழுத்தத்தை அளந்தார். 1936இல் வெளிவந்த அவருடைய முறையே பிறகு துணைக்கண்டத்துத் தடுப்பணைகளுக்கு அடிப்படையாயிற்று. கட்டுக்குள் கருவி வைத்து உள்ளே நடப்பதைப் பார்க்கிற வேலை இந்தப் பக்கத்தில் தொடங்கியதே இப்படி நீரைத் திருப்பிவிடுகிற திருப்பணைகளில். ‘கருவி பெரிய அணைக்கு’ என்கிறவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

தேக்கத்தில் பாறை கிடக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். பாறைமேல் நிற்கிற பகுதிக்கு அந்த அச்சம் குறைவுதான். ஆனால் எந்த அணைக்கட்டும் இரண்டு கரையிலும் கடைசியில் மண்ணில்தான் போய் முட்டுகிறது.

வெள்ளம் மேலால் பாய்ந்து போய்விடும், கட்டுக்கு ஒன்றும் வராது என்ற பேச்சு தோற்கிற இடமும் இந்தக் கரைதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தின்போது திருகோணமலை மாவட்டத்து மாவிலாற்றில் உடைந்தது அணைக்கட்டை ஒட்டிய மண்கட்டு. சுற்றியிருந்தவர்களை விமானப்படை ஹெலிகொப்டரில் ஏற்ற வேண்டியதாயிற்று. (2006இல் இதே மாவிலாற்றின் கதவை மூடியதில் ஒரு போரே மறுபடி மூண்டது, திருப்பணை சின்ன விஷயம் என்கிறவர்கள் அதையும் மறந்துவிடுகிறார்கள்.) விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் தென்பெண்ணைக்குக் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் கட்டி 2020இல் திறந்த தடுப்பணை, 2021 ஜனவரியில் ஒரு கரையோரம் இடிந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுகரையும் போனது. கடைசியில் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆற்றுக்கு நடுவிலுள்ள கொங்கிறீற்றை விட்டுவிட்டு, அது கரையோடு சேர்கிற இடத்தைத்தான் தண்ணீர் தேடிப் பிடிக்கிறது.

‘உடைந்தாலும் ஊர் அழியாது’ என்பதற்கு முக்கொம்பு பதில் சொல்லும். ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தில் எழுப்பிய மேலணை அது. வேலையெல்லாம் காவிரிக்கு நீரைத் திருப்புவது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, இருந்த 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. ஊர் எதுவும் மூழ்கவில்லை, உண்மைதான். ஆனால் டெல்டாவுக்குப் போகவேண்டிய தண்ணீரைக் காப்பாற்ற மணல் மூட்டைகளோடு இரவு பகலாகப் போராட்டம் நடந்தது. பிறகு சுமார் 387 கோடி ரூபாயில் புதுக் கதவணை கட்ட வேண்டி வந்தது. தேக்கத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கட்டுக்கரை அகன்ற, ஆழமில்லாத குளம். காலபோகத்துக்கு நடுவே தேக்கம் பழுதானால் ஆற்று வெள்ளம் முழுவதும் வாய்க்காலைத் தொடாமல் மன்னார் வளைகுடாவுக்குப் போய்விடும். மழை தை மாதத்தோடு நின்றால் குளத்துக்கு வேறு வழியில்லை. அந்த வருடத்துச் சிறுபோகத்தைப் பற்றிப் பேசவே தேவையிருக்காது.

இனி ‘ராசா காலத்துக் கட்டு’ என்ற வாதம். இதில்தான் மன்னார்க்காரர் மிகவும் நெகிழ்ந்துபோகிறார்கள், நியாயமாகவே. 1859இல் எமர்சன் டெனன்ட் தம் இலங்கை நூலில், கட்டுக்கரைக்கு வாய்க்கால் வெட்டிய பழையவர்கள் மட்டத்தைப் பிழையாகக் கணக்கிட்டுவிட்டார்கள், அதனால்தான் குளம் பயன்படாமற் போனது என்ற கருத்தில் எழுதினார். பின்னால் வந்த பொறியியலாளர்கள் மட்டம் பார்த்தபோது பிழை டெனன்டிடம்தான் இருந்தது. அந்தக் காலத்து வேலை அவ்வளவு நுணுக்கமானது. ஆனால் கட்டியவர்கள் கெட்டிக்காரர் என்பதும், கட்டு தானாக நின்றது என்பதும் ஒன்றல்ல. கட்டுக்கரை பல நூற்றாண்டுகள் பாழடைந்து கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியில்தான் மறுபடி நீர் பிடித்தது. பார்க்க ஆளில்லாமற் போனதும் பழைய வேலைக்கு நேர்ந்த கதி, வேறெங்கும் போகாமல், இதே ஊரில் கிடக்கிறது.

சாட்சிக்குக் காவிரியின் கல்லணையை இழுக்கிறவர்களும் உண்டு. 1804இல் கால்டுவெல், பிறகு காட்டன் என்று அதை உயர்த்தியும் மணற்போக்கி வைத்தும் மாற்றியிருக்கிறார்கள். கந்தளாய் இன்னும் கசப்பான உதாரணம். மன்னர்கள் கட்டி, பிற்காலத்தில் புதுப்பித்த அந்தக் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 விடியுமுன் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அருவியாற்றின் மேற்பகுதியிலேயே 1957 பெருவெள்ளத்தில் நாச்சதூவ குளம் உடைந்தது. தேக்கத்துக்கு வருவது வானத்து மழை மட்டுமில்லை. மேலே உள்ள குளங்கள் வான்பாய்ந்தாலும் உடைந்தாலும் அந்த நீரும்தான்.

கடைசி வாதம் செலவு. எதிர்த்தரப்புக்கு இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. உலக வங்கி நிதியோடு 2008இல் தொடங்கிய அணைப் பாதுகாப்புச் செயற்றிட்டம் பெரிய நீர்த்தேக்கங்களைத்தான் முதலில் கவனித்தது. ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் தானியங்கிக் கருவி வைப்பது காசை ஆற்றில் போடுவதுதான். மேலே தந்திரிமலையில் ஆற்று மட்டம் அளக்கிறார்கள், எச்சரிக்கையும் வருகிறது. ஆனால் அந்த எச்சரிக்கை ஆட்களுக்கு. கட்டு எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டியவை பெரும்பாலும் மலிவானவை. வெள்ளம் வடிந்ததும் கீழ்த்தளத்தின் விளிம்பு நெடுக ஓர் இரும்புக் கம்பியை இறக்கி, எந்த இடத்தில் எத்தனை அடி குழி விழுந்திருக்கிறது என்று குறிக்கலாம். பக்கச் சுவரில் கசிகிற நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒருநாள் வைத்தால் போதும்: தெளிவாகவே நின்றால் பெரும்பாலும் பயமில்லை, அடியில் மண் படிந்தால் கட்டு உள்ளே கரைகிறது, உடனே பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும். கசிவு கூடுகிறதா என்பதற்கு வாய் வெட்டிய ஒரு தகடு. கல்லிடுக்கில் முளைத்த மருதங்கன்றைப் பிடுங்க ஒரு கை. கதவுகளை மழைக்கு முன் ஒருதடவை முழுக்கத் தூக்கி இறக்கிப் பார்க்க அரை நாள். கருவி என்று வாங்க வேண்டியிருந்தால், இரண்டு கரை முட்டிலும் அடிநீர் பார்க்க நாலைந்து குழாய்கள்.

இதில் இல்லாதது காசில்லை, ஏடு. ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டுப் போவது பரிசோதனை ஆகாது. போன வருடத்து அளவு பக்கத்தில் எழுதியிருந்தால்தான் இந்த வருடத்து அளவுக்கு அர்த்தம். காலபோகக் கூட்டத்தில் விதைப்புக்கும், தண்ணீர் திறப்புக்கும், மாடுகளை வயலைவிட்டு அகற்றுவதற்கும் திகதி குறிக்கிறார்கள்; திணைக்களக்காரரும் கமக்காரர் அமைப்புகளும் ஒரே மேசையில் இருக்கிற நாள் அது. தேக்கத்தின் குழி ஆழமும் கசிவும் அன்றைக்கே வாசிக்கப்பட்டு, கேள்வி கேட்கப்பட்டு, கூட்டக் குறிப்பில் ஏறட்டும்.