காத்திருந்த நாளுக்கும் கூலி உண்டு

திரைப்படத் தொழிலிலே கலைஞரும் தயாரிப்பாளரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் சிலவற்றில், படம் எடுத்தாலும் எடாவிட்டாலும் பேசிய ஊதியம் கொடுக்கப்படும் என்னும் பொருள்பட ஒரு வாசகம் அமைந்திருக்கும். ஹொலிவூட்டில் இதனைப் 'பே ஓர் பிளே' என்பர். நடியாதவருக்கு ஊதியமா என்று நகைப்பாரும் உளர். நகைக்குமுன் ஒரு வழக்கினை நோக்குமாறு அவரை வேண்டுகின்றேன்.

1965ஆம் ஆண்டில் ட்வென்டியத் செஞ்சுரி பொக்ஸ் நிறுவனம், 'புளூமர் கேர்ள்' என்னும் படத்தில் நடிக்க நடிகை ஷேர்லி மக்லெயினை ஒப்பந்தஞ் செய்தது. 14 வாரங்களுக்கு 750,000 டொலர் உறுதி ஊதியம். அவரை நடிக்கவைக்கும் கடப்பாடு நிறுவனத்துக்கு இல்லை; ஊதியங் கொடுக்கும் கடப்பாடே உண்டு என்பது அதன் வாசகம். 1966 ஏப்ரிலில் நிறுவனம் அப்படத்தைக் கைவிட்டது. அதே ஊதியத்துக்கு, அவுஸ்திரேலியாவில் எடுக்கவிருந்த வேறொரு படத்தில் நடிக்குமாறு கேட்டது. முன்னையது ஆடலும் பாடலும் நிறைந்தது. பின்னையதோ குதிரைவீரர் கதை. நெறியாளர், திரைக்கதை ஆகியவை பற்றி அவருக்கிருந்த உரிமைகளும் குறைக்கப்பட்டன. அவர் மறுத்து வழக்காடினார். 1970இல் கலிபோர்னிய மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் முழுத்தொகையும் அவருக்கு உரியதே எனத் தீர்த்தது.

வேலையிழந்தவர் வேறு வேலை தேடித் தம் இழப்பைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும் என்பது சட்டத்தின் பொதுநெறி. ஆயின், கிடைக்கும் வேலை வேறுபட்டதாகவோ தாழ்ந்ததாகவோ இருப்பின் அதனை மறுத்தல் குற்றமன்று. ஊதியம் ஒத்திருந்தும் தொழில் ஒத்ததன்று என்றது மன்று. வேறுபாடு கொண்டே தாழ்வெனத் துணிதல் ஆகாது என்று ஒரு நீதிபதி மாறுபட்டார். அதுவும் எண்ணத்தக்கதே. எனினும், யான் பெரும்பான்மையோர் பக்கமே நிற்பேன்.

ஏனெனில், கலைஞர் விற்பது நடிப்பை மட்டுமன்று, காலத்தையும் விற்கின்றார். ஒருவருக்கென ஒதுக்கிவைத்த நாள்களிற் பிறர் அழைப்பை ஏற்றல் இயலாது. வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் விதைத்தாலும் விதையாவிட்டாலும் குத்தகை கொடுத்தே தீரவேண்டும் அன்றோ? அதனை வயலுடையானுக்கு இட்ட பிச்சை என்பார் எவருமிலர்.

இவ்வாசகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது பணத்தைக் காக்கும், அரங்கைத் தராது. அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் கொள்ள மறுத்தார் என்று புறநானூறு கூறும். புலமையைக் கண்டறியாது கொடுக்கும் பொருள் அவருக்கு உவப்பாகவில்லை. நடிக்க விரும்பிய வேடம் கைநழுவிய கலைஞருக்கும் அக்குறை இருக்கவே செய்யும். பொருளால் ஈடுசெய்யக்கூடியது இழப்பின் ஒரு பாதியே. அந்தப் பாதியையாவது மறுக்காதிருத்தல் அறமாம்.

இந்தப் பாதுகாப்பு பெயர்பெற்ற நடிகருக்கும் நெறியாளருக்குமே பெரிதும் வாய்க்கின்றது. சிறுவேடம் பூணுவோருக்கும் திரைக்குப் பின்னின்று உழைப்போருக்கும் அரிதாகவே வாய்க்கின்றது. ஒரு படம் நின்றுபோனால் அடுப்பு அணைவது அவர்கள் வீட்டிலேதான். வல்லாருக்கு அளித்த உறுதியை மெலியாருக்கும் அளித்தாலன்றி இவ்வாசகம் முறையாகாது, சலுகையாகவே நின்றுவிடும்.

கலைத்துறையை நாடும் மாணவருக்கும் ஒரு சொல்: ஒப்பமிடுமுன் எவ்வளவு தருவர் என்று மட்டும் நோக்காதீர்கள். அழைப்பை எதிர்பார்த்து நீங்கள் காத்திருக்கும் நாளுக்கு அத்தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்பதையும் படித்துப் பாருங்கள்.