விசா ரெடி... பிள்ளையை யார் பார்ப்பா?

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் வெளிநாட்டுக் கனவு இல்லாத தெருவே கிடையாது. முன்பு வளைகுடா, இப்போ நர்ஸிங் முடித்தவர்கள் மத்தியில் பிரிட்டன் பேச்சு. கைக்குழந்தையோட போறவங்களுக்கு அங்கே குளிரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருக்கு. ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பிள்ளையை யார் பார்ப்பா?

முதலில் விசா கதை. 'ஹெல்த் அண்ட் கேர்' விசாவில் போகும் நர்ஸ், கணவரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். முதியோர் பராமரிப்புக்குப் போகும் கேர் வொர்க்கருக்கு அந்தக் கதவு 2024 மார்ச் 11-ல் மூடப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுவிட்டது. 'கேர் விசா இருக்கு, குடும்பத்தோட போலாம்' என்று ஏஜென்ட் யாராவது இப்பவும் சொன்னா, உஷார்!

சரி, நர்ஸாகவே போறீங்க. இங்கிலாந்தில் 4 வயது முடிந்த குழந்தைக்கு அடுத்த செப்டம்பரில் அரசுப் பள்ளியில் இடம் உண்டு; கட்டணம் இல்லை. 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு வருஷத்தில் 38 வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம் இலவசப் பராமரிப்பும் உண்டு. பிரச்னை அதற்கு முந்தைய வயதில்தான். வேலைக்குப் போகும் பெற்றோரின் 9 மாதக் குழந்தைக்கும் 30 மணி நேரம் இலவசம் என்ற திட்டம் 2025 செப்டம்பரில் முழுமையாக வந்தது. ஆனா, பெற்றோர் இருவர் விசாவிலும் 'அரசு நிதியுதவி பெற முடியாது' என்ற நிபந்தனை இருந்தால், அது கிடைக்காது. புதுசா போகும் நம்மவர்கள் பலர் விசாவில் அந்த வரி இருக்கும்.

விளைவு? அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட், அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட். வாசலில் பிள்ளையைக் கைமாற்றிவிட்டு ஓடணும். இல்லேன்னா, நர்சரி கட்டணத்துக்கே ஒருத்தர் சம்பளத்தில் பெரும்பகுதி போயிடும்.

'பாட்டியைக் கூப்பிட்டுக்கலாமே' என்று தோணும். விசிட்டர் விசாவில் வழக்கமாக ஒரு தடவைக்கு 6 மாதம்தான் தங்க முடியும். அடிக்கடி வந்து அங்கேயே குடியிருக்கவும் விதி இடம் தராது. ஊரில் பாட்டியும் பாட்டாவும் சம்பளமில்லாம பார்த்துக்கொண்ட வேலையின் மதிப்பு, அங்கே போனபிறகுதான் பவுண்டில் தெரியும்.

அதனால் வாடகைக்கு முன்னாடி பிள்ளை பராமரிப்புக் கணக்கைப் போடுங்க. வேலையை உறுதி செய்யும்போதே ஷிஃப்ட் எப்படி, நர்சரி பக்கத்தில் இருக்கா என்று கேளுங்க. வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி முதல் நாளிலேயே விண்ணப்பிக்கும் உரிமை 2024 ஏப்ரல் 6 முதல் அங்கே இருக்கு. நிர்வாகம் மறுக்கலாம், ஆனா தகுந்த காரணம் சொல்லணும். பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் கைப்பையில் வையுங்க.

ஒருத்தர் முன்னாடி போய் ஷிஃப்ட்டும் நர்சரியும் சரியான பிறகு குடும்பத்தைக் கூப்பிடுவது செலவைக் குறைக்கும். ஆனா அதுவரைக்கும் பிள்ளைக்கு அம்மா, போன் திரையில்தான். எத்தனை மாசம் என்பதை கிளம்பும் முன்னாடியே ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிடுங்க!